பதினொரு மணி முதல் நாலு மணி வரை: தாம்பரம் சுற்றுவட்டாரக் கஃபேக்களில் ஒரு வேலை வாரம்

சேலையூரில் எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் அடுக்ககம் எழுப்புவதற்காகப் பூமியில் துளையிடும் வேலை தொடங்கியதிலிருந்து, காலை எட்டு மணி முதல் மாலை வரை சுவர் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நான் வேலை செய்யும் நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. இயந்திரங்களுக்கான கையேடுகளைத் திருத்திச் செம்மைப்படுத்துவது என் பணி. தினமும் காலை பதினொன்றரைக்கும் மாலை மூன்றுக்கும் காணொளிக் கூட்டம் உண்டு. நுங்கம்பாக்கம், அண்ணா நகர் என்று போனால் நல்ல கஃபேக்கள் வரிசையாக இருக்கின்றன என்று தெரியும். ஆனால் அதற்காக நாள்தோறும் நகரத்துக்குள் போய்வருவதானால் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கே பொருளில்லை. ஆகவே புறநகரிலேயே, மின்ரயிலோ ஷேர் ஆட்டோவோ எளிதில் எட்டும் தொலைவில் உட்கார இடம் தேடுவதென்று புறப்பட்டேன். அன்றன்று இரவு எழுதியவற்றை இங்கே தருகிறேன். கடைகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஐந்தாறு மேசைகள் மட்டுமே உள்ள கடைக்கு ஒரே நாளில் இருபது பேர் மடிக்கணினியுடன் போய் நின்றால் அது அவர்களுக்கு உதவியாக இருக்காது. ஊரையும் தெருப்பக்கத்தையும் சொல்கிறேன், நடந்து பார்த்தால் தென்படும்.

ஜூலை 21, திங்கள்: சேலையூர், கேம்ப் ரோடு

காலை எட்டரைக்கே கிளம்பிவிட்டேன். கைபேசி வரைபடம் ஒன்பது மணிக்குத் திறப்பதாகக் காட்டிய கஃபேயின் ஷட்டர் பாதி மட்டும் ஏறியிருந்தது; உள்ளே ஒரு பையன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "பதினொரு மணிக்குத்தான் மேடம், மாஸ்டர் வரணும்" என்றான். கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகும் வேளச்சேரி பிரதான சாலையில் அடுத்தடுத்துப் பார்த்த கடைகளிலும் அதே பதில்தான். புறநகர்க் கஃபேக்கு வியாபாரம் மாலை ஐந்துக்குமேல் தொடங்கி இரவு பதினொன்று வரை நடக்கிறது; பாத்திரம் கழுவி மூடிவிட்டு நள்ளிரவில் படுக்கும் ஊழியர்களைக் காலை எட்டுக்கு வரச்சொல்ல எந்த முதலாளியாலும் முடியாது. நகரத்தின் பெரிய சங்கிலிக் கடைகள் இரண்டு ஷிஃப்ட் ஆட்களை வைத்துக் காலையிலேயே திறக்கின்றன. இங்கே மொத்தமே நான்கைந்து பேர்தான்.

அதுவரை சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்தேன். பொங்கலும் வடையும் 75 ரூபாய், காபி 20 ரூபாய். பொங்கலில் மிளகு முழுதாக, நெய் தாராளமாக இருந்தது. சாம்பார் சற்று இனிப்பு. ஆனால் அந்த இடத்தில் மடிக்கணினியைத் திறப்பது நியாயமில்லை. நாம் கடைசிக் கவளம் எடுக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்கிறார், அவர் பின்னால் அவர் பிள்ளை பள்ளிப் பையுடன் நிற்கிறது. அங்கே ஒரு மேசை அரை மணிக்குள் மூன்று குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

பதினொன்றுக்குத் திறந்த கஃபேக்குள் முதல் ஆளாக நுழைந்தேன். கப்புச்சீனோ 160, வரி சேர்த்து 168 ரூபாய். அலங்காரம் அழகாகத்தான் இருந்தது: செங்கல் சுவர், தொங்கும் மஞ்சள் விளக்குகள், தாழ்ந்த சோஃபாக்கள். இந்தத் தாழ்ந்த சோஃபாதான் மடிக்கணினியில் வேலை செய்பவர்களுக்கு எதிரி. எழுதும் மேசை 28 முதல் 30 அங்குல உயரம் இருக்கவேண்டும். அங்கே மேசை முழங்காலுக்குக் கீழே இருந்ததால் மடிக்கணினியை மடியில் வைத்து, கழுத்தை வளைத்து இரண்டு மணி நேரம் வேலை செய்ததில் தோள்பட்டை இறுகிவிட்டது. பிளக் பாயின்ட் சோஃபாவின் பின்னால் இருந்தது. பையன் சோஃபாவையே நகர்த்திக் கொடுத்தான். வைஃபைக்குக் கைபேசி எண்ணைக் கொடுத்தால் வரவேண்டிய ஓடிபி வரவே இல்லை. பொது வைஃபையைப் பயன்படுத்துவோர் யாரென்று பதிவாகவேண்டும் என்ற அரசின் அறிவுறுத்தல் 2009 முதலே இருக்கிறது என்பதால் கடைக்காரரைக் குறைசொல்ல முடியாது. கல்லாவிலிருந்தவர் தன் சொந்தக் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டார். அந்த நல்ல மனதை எழுதி வைக்கவேண்டும்.

ஒன்றரை மணி முதல் மூன்றரை வரை அந்தக் கூடத்தில் நான் மட்டுமே இருந்தேன். குளிர்சாதனம் ஓடியது, பாட்டு ஓடியது, மூன்று ஊழியர்கள் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணி அடித்ததும் காட்சி மாறிற்று. 1937-இல் தாம்பரத்துக்கு வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் அதற்குப் பின்னால் சுற்றிலும் முளைத்த கல்லூரிகளும் இந்தச் சாலைக்கு மாணவர்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் பிறந்தநாள் கேக்குடன் வந்தார்கள். நுரைத் தெளிப்பான் வெளியே வந்தவுடன் அவர்களில் ஒரு பெண், "அக்கா, உங்க லேப்டாப்ல பட்டுடும், ஒரு நிமிஷம்" என்று நண்பர்களைத் தடுத்து நிறுத்திவிட்டு, நான் பையைக் கட்டும்வரை காத்திருந்தாள். எனக்கும் ஒரு துண்டு கேக் கிடைத்தது. மாலை அவர்களுடையது, அதில் சந்தேகமே இல்லை. நமக்கு உரிய நேரம் எது என்பதும் அன்றே விளங்கிவிட்டது: பதினொன்றுக்கும் நாலுக்கும் நடுவே, விளக்கெரிந்தும் ஆளில்லாமல் கிடக்கும் அந்த ஐந்து மணி நேரம்.

ஜூலை 22, செவ்வாய்: மடிப்பாக்கம்

மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை 47 கிலோமீட்டர் நீளும் மெட்ரோவின் ஐந்தாம் வழித்தடம் மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் வழியாகத்தான் வருகிறது. அது ஓடத் தொடங்கும்போது இந்தப் பகுதி மக்களின் வாழ்வே மாறிவிடும் என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன். இப்போதைக்கு, சாலையின் நடுவே தகரத் தடுப்புகள், இருபுறமும் ஒற்றை வண்டி போகும் அகலம், அதன்மேல் தூசி. நான் தேடிப்போன கஃபேயின் வாசல் தடுப்புக்கு நேர் எதிரே இருந்ததால், அடுத்த கடையின் படியேறி இறங்கித்தான் உள்ளே போகமுடிந்தது. கண்ணாடிக் கதவைக் காலையிலேயே துடைத்திருக்கிறார்கள். பதினொன்றரைக்குள் விரலால் பெயர் எழுதும் அளவுக்கு மண் படிந்திருந்தது.

அன்று அந்தப் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் இரண்டு மணி வரை மின்தடை என்று செய்தித்தாளில் வந்திருந்தது. "இன்வெர்ட்டர் இருக்கு மேடம், கவலைப்படாதீங்க" என்றார் கடைக்காரர். விளக்கும் விசிறியும் ஓடின. ரவுட்டரிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் இணையம் இல்லை. கடையின் ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் இருந்தாலும், தெருமுனைக் கம்பத்தில் தொங்கும் இணைப்புப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டுமே. புறநகரில் வேலை செய்ய இடம் தேடுகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்வி "இன்வெர்ட்டர் இருக்கிறதா" என்பதல்ல, "கரண்ட் போனால் நெட் வருமா" என்பதே. வேலை செய்பவர் கையில் இரண்டு நிறுவனங்களின் சிம் இருப்பதும் அவசியம். என் கைபேசியில் ஒன்று அலைவரிசை இல்லாமல் திணற, மற்றொன்று காப்பாற்றியது. காணொளிக் கூட்டத்துக்குப் பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம்தான் முக்கியம். அது நொடிக்கு 3 மெகாபிட் (எம்பிபிஎஸ்) சீராக இருந்தாலே முகமும் குரலும் அறுபடாமல் போய்ச்சேரும். அன்று எனக்குக் கிடைத்தது அதில் பாதி, ஆகவே முகத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் அனுப்பினேன்.

குளிர்சாதனம் இல்லாத அந்தக் கண்ணாடிக் கூடத்தில் பன்னிரண்டு மணி வெயிலைத் தாங்குவது கடினமாக இருந்தது. ஜூலையில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, கடற்காற்று வந்து தணிக்கும்வரை ஊரைச் சுட்டுக்கொண்டே இருக்கும். எதிர் மேசையில் நேர்முகத் தேர்வுக்காக உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர், சட்டைக்காலர் நனைய நனையத் திரையைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேட்டி முடியும்வரை கடைக்காரர் மிக்ஸியைப் போடவே இல்லை. வந்த ஆர்டரைக்கூட நிறுத்திவைத்தார். பேட்டி முடிந்ததும் எங்கள் இருவருக்கும் மண் குவளையில் நீர்மோர் கொடுத்தார், இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டது. பில்லில் 60 ரூபாய் எலுமிச்சை சோடா மட்டும்தான் இருந்தது. மோரைச் சுட்டிக்காட்டினேன். "கரண்ட் இல்லாத நேரத்துல உட்கார்ந்தீங்களே, அதுக்கு" என்றார்.

மாலை ஐந்தரைக்கு மேற்கே இருண்டு, பெருந்துளிகளாக இடியுடன் மழை பிடித்துக்கொண்டது. தகரத் தடுப்பின் அடியில் தண்ணீர் தேங்கி, சாலையில் எது பள்ளம் எது மேடு என்று தெரியாமல் போயிற்று. மற்ற நாளில் 100 ரூபாய் கேட்கும் தூரத்துக்கு ஆட்டோக்காரர்கள் 250 கேட்டார்கள். ஒருவர் மட்டும் 150-க்கு ஒத்துக்கொண்டு, மடிக்கணினிப் பையை மூடிக்கொள்ளத் தன் இருக்கைக்கடியிலிருந்து தார்ப்பாய்த் துண்டையும் எடுத்துத் தந்தார். மெட்ரோப் பணி முடியும்வரை மடிப்பாக்கம் எனக்கு வேண்டாம். அந்தக் கடைக்கு மட்டும் ஒருநாள் திரும்பப் போகவேண்டும்.

ஜூலை 23, புதன்: கொளத்தூர்

இது கஃபே அல்ல, ஆனாலும் இந்தத் தேடலில் விடமுடியாத இடம். கொளத்தூர் தொகுதியின் அகரம் பகுதியில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், அரசே நடத்தும் பகிர்ந்த பணியிடம். மாநகராட்சியின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளவேண்டும். அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய். கீழ்த்தளத்தில் பணியிடம், அதற்குமேல் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான கூடம், மேலே வீட்டுச்சாப்பாட்டைக் கொண்டுவந்து உண்ணும் இடம் என்று அமைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேசைகளின் உயரம். இரண்டு நாளாக வலித்த தோளுக்கு அது பெரிய ஆறுதல். என் வலப்பக்கத்தில் ஒரு பெண் கணக்குத் தணிக்கை வேலை பார்த்துக்கொண்டிருந்தார், இடப்பக்கத்தில் ஒருவர் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார். யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒரு பெண் தனியாக நாலு மணி நேரம் பொது இடத்தில் உட்கார்ந்திருந்தும், "யாருக்காகக் காத்திருக்கீங்க" என்ற பார்வை ஒருமுறைகூட வராமலிருப்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். கூட்டங்களுக்குத் தனி அறைகள் இருக்கின்றன, அவற்றுக்குத் தனிக் கட்டணம்.

மதியம் கட்டிச் சென்ற எலுமிச்சைச் சாதத்தை மேல்தளத்தில் சாப்பிட்டேன். எதிரில் அமர்ந்திருந்த, தேர்வுக்குப் படிக்கும் பெண் தன் டப்பாவிலிருந்து வாழைக்காய் வறுவலை என் பக்கம் தள்ளினாள். வீட்டில் அண்ணன் குடும்பமும் சேர்ந்து எட்டுப் பேர் இரண்டு அறைகளில் இருப்பதாகவும், படிப்பதற்காகத் தினமும் இங்கே வருவதாகவும் சொன்னாள். இரைச்சலிலிருந்து தப்பி வந்த நான் அவளுக்குச் சொல்ல எதுவும் தோன்றாமல் ஊறுகாயை நீட்டினேன்.

தாம்பரத்திலிருந்து பார்க் நிலையம் வந்து, சாலை கடந்து மூர் மார்க்கெட் வளாகத்தில் வேறு ரயில் பிடித்து, பெரம்பூரில் இறங்கி ஆட்டோவில் வரவேண்டியிருக்கிறது. போகவரச் சேர்த்தால் மூன்று மணி நேரத்துக்குமேல். வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடத்தை என்னால் பரிந்துரைக்க முடியாது. நகரின் ஒவ்வொரு திசையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பும்போது உட்கார இடம் கிடைக்கட்டும் என்று கடற்கரை நிலையத்துக்குப் போய், வெளியே பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோவை ஒரு தட்டு சாப்பிட்டேன்: புளிப்பும் பூண்டும் வறுத்த வெங்காயமும் சேர்ந்த நூடுல்ஸ், கூடவே வாழைத்தண்டு சூப்.

ஜூலை 24, வியாழன்: நங்கநல்லூர்

ஆடி அமாவாசை. பழவந்தாங்கல் நிலையத்தில் இறங்கி நங்கநல்லூருக்குள் நடக்கும்போதே, தர்ப்பணம் முடித்துப் பஞ்சகச்சத்துடன் திரும்பும் பெரியவர்களும், வாழையிலைக் கட்டும் எள்ளும் விற்கும் தள்ளுவண்டிகளுமாகத் தெரு நிறைந்திருந்தது. 32 அடி உயர ஆஞ்சநேயர் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் காபிக்குக் குறைவே இல்லை. டபரா டம்ளரில் 30 ரூபாய்க்குக் கிடைத்த காபி, வாரம் முழுவதும் குடித்தவற்றில் மிகச் சிறந்தது; சிக்கரி குறைவு, பால் தண்ணீர் கலக்காதது, மேலே விரல் கனத்துக்கு நுரை. ஆனால் நின்றுகொண்டேதான் குடிக்கவேண்டும். அந்தக் கடைகளில் நாற்காலியே கிடையாது.

அருகில் நின்றிருந்த பெரியவர் என் பையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, லைப்ரரிக்குப் போறியா?" என்றார். வேலை செய்ய இடம் தேடுகிறேன் என்றதும், "அப்போ லைப்ரரிக்குத்தானே போகணும்? நாம கட்டற சொத்து வரியோட ரூபாய்க்குப் பத்து பைசா அதுக்குத்தானே போறது" என்று கிளை நூலகத்துக்கு வழி சொல்லிவிட்டு, தெருமுனைவரை கூடவே வந்தார். அவர் சொன்னது சரி: 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் விதித்த நூலக வரி அது. கிளை நூலகத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். செய்தித்தாள் புரளும் ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை. அச்சிட்டு எடுத்துச் சென்ற இருபது பக்கங்களைப் பேனாவால் திருத்தி முடித்தேன். பேசக்கூடாத இடம், மேசைப்பக்கம் பிளக் பாயின்டும் இல்லை. படித்துத் திருத்தும் வேலைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. கூட்டம் இருக்கிற நாளுக்கு இது உதவாது.

கூட்டத்துக்காக நான் கண்டடைந்த இடம், ஒரு பழைய வீட்டின் மாடி. மாமரம் மாடியின் கைப்பிடிச் சுவரைத் தொட்டு நிற்கிறது. ஓர் அம்மாவும் அவர் மகனும் நடத்துகிறார்கள். மேசைகள் எல்லாம் வீடுகளிலிருந்து வாங்கிய பழைய சாப்பாட்டு மேசைகள், ஆகவே உயரம் சரியாக இருந்தது. ஒவ்வொரு மேசைமேலும் கையால் எழுதிய ஓர் அட்டை: "இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சொல்லுங்கள். தொலைபேசியில் பேச பால்கனிக்குச் செல்லுங்கள். ஐந்து மணிக்குமேல் குடும்பங்களுக்கு இடம் விடுங்கள்." அந்த அட்டையைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லவேண்டும். மற்ற கடைகளில் ஒவ்வொரு அரைமணிக்கும், "இன்னும் உட்காரலாமா, இவர்கள் என்ன நினைக்கிறார்கள்" என்ற எண்ணம் வேலையை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அவர்களுக்கும் எழுப்பச் சங்கடம், நமக்கும் உட்காரச் சங்கடம். இங்கே எதிர்பார்ப்பு என்னவென்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அதை நிறைவேற்றிவிட்டால் மனம் முழுதும் வேலையில் இருக்கலாம்.

காபி 60 ரூபாய், பொடி இட்லி 110 ரூபாய். அன்று அமாவாசை என்பதால் வெங்காயமும் பூண்டும் இல்லாத சாப்பாடு மட்டும், 140 ரூபாய்: வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, மிளகு ரசம், ஒரு வடை, பயத்தம்பருப்புப் பாயசம். மூன்று மணிக் கூட்டத்தைப் பால்கனியில் நின்றபடி முடித்தேன். நிழலும் காற்றும் இருந்தன, கிளிகளின் சத்தம் மட்டும் கொஞ்சம் உள்ளே போனது. கழிவறையில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது, வாளியில் தண்ணீர், சோப்பு, குப்பைக்கூடை எல்லாம் இருந்தன. கஃபேக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் காபியின் நிறத்தையும் சுவரின் நிறத்தையும் எழுதுகிறார்கள். நாள்முழுதும் உட்கார வேண்டிய ஒரு பெண் முதலில் பார்ப்பது கழிவறையின் தாழ்ப்பாளைத்தான்.

கிளம்பும்போது அந்த அம்மாவிடம் அட்டையைப் பற்றிக் கேட்டேன். ஆரம்பத்தில் அப்படி எதுவும் எழுதவில்லையாம். ஒருவர் ஒரு காபியுடன் ஆறு மணி நேரம் இருந்திருக்கிறார், வெளியே பாட்டி தாத்தாவோடு வந்த குடும்பம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. "அவரை எழுந்திருங்கன்னு சொல்ல வாய் வரலை. அந்தக் குடும்பத்தைப் பார்த்ததும் மனசு கேக்கலை. அதான் எழுதி வெச்சுட்டேன்" என்றார்.

ஜூலை 25, வெள்ளி: சிட்லபாக்கம்

2019 வறட்சியில் ஊர்மக்களே இறங்கித் தூர்வாரிய ஏரியின் கரைப்பக்கம், முதல் மாடியில் உள்ள கஃபே. எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவும் சிறிது நடையும். பதினொன்றுக்குத் திறக்கும்போதே போய்விட்டேன். ஆறு மேசைகள், நிமிர்ந்த நாற்காலிகள், ஒவ்வொரு மேசைக்கும் பிளக் பாயின்ட், நான் சோதித்தபோது பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ்ஸுக்குமேல். எல்லாம் கூடிவந்துவிட்டது என்று எண்ணி மடிக்கணினியைத் திறந்த சமயத்தில், எதிர்த் தெரு அம்மன் கோவிலின் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. ஆடி வெள்ளி. புனல்கள் நாலு திசையிலும் கட்டப்பட்டிருந்தன. ஒன்று நேராகக் கஃபேயின் சன்னலைப் பார்த்திருந்தது. கண்ணாடி அதிர்ந்தது.

கூட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. கல்லாவில் இருந்த உரிமையாளரின் மனைவி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "உள்ளே வாங்க" என்று பின்புறச் சாமான் அறையைத் திறந்தார். மைதா மூட்டை, பால் அட்டைப்பெட்டிகள், கோப்பை அடுக்குகள், ஒரு முக்காலி. காலியான பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேசையாக்கித் தந்தார். மூட்டைகள் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டதாலோ என்னவோ, கூட்டத்தில் இருந்த பூனா நண்பர், இன்று உன் குரல் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றார். நாற்பது நிமிடம் அங்கிருந்தேன். வெளியே வந்தபோது மேசையில் ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், மோர்மிளகாய், முருங்கைக்கீரைத் துவட்டல் இருந்தன. கோவிலிலிருந்து கடைக்காரர்கள் அனைவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள், அதில் என் பங்கு. வெயிலுக்கு அந்தக் கூழைப்போல் எதுவும் இறங்கவில்லை.

பாட்டு மதியம் ஒன்றரைக்கு நின்றது. அதற்குப்பின் நாலு மணி வரை, நானும் மற்றொரு மேசையில் ஒரு தையல் வடிவமைப்பாளரும் மட்டுமே இருந்தோம். உரிமையாளர் ஓய்வாக இருந்ததால் கணக்கை விளக்கினார். வாடகை 45,000 ரூபாய். வணிக மின் இணைப்பு என்பதால் வீடுகளுக்குக் கிடைக்கும் முதல் 100 அலகுச் சலுகை கிடையாது. மாலையில் ஒரு மேசை மணிக்கு 600 ரூபாய் ஈட்டுகிறது. பகலில் அதே மேசை ஒன்றும் ஈட்டுவதில்லை, ஆனாலும் திறந்துதான் வைக்கவேண்டியிருக்கிறது. மடிக்கணினியுடன் வருபவர்கள் வந்தால் நல்லதுதான், ஆனால் நாலரைக்கு எழுந்திருக்கச் சொன்னால் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் என்றார்.

நங்கநல்லூர் அட்டையைப் பற்றிச் சொன்னேன். உட்காரும் நேரத்துக்கே விலை வைத்தால் என்ன என்று கேட்டேன். இது புதிய எண்ணமும் அல்ல: 1996-இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் கஃபே காபி டேயின் முதல் கடை திறந்தபோதே, காபியோடு இணைய நேரமும் விற்பனைப் பொருளாகத்தான் இருந்தது. பிற்பாடு இணையம் இலவசமாகி, நேரத்துக்கும் விலையில்லை என்ற பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. உண்மையில் நாம் அங்கே வாங்குவது மேசையையும் மின்சாரத்தையும் அமைதியையும்தான். காபி அதற்கான ரசீது மாத்திரம். ரசீதைத் தவிர்த்துவிட்டு நேரடியாகவே பேசிக்கொண்டால் இரு தரப்புக்கும் மரியாதை. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நீங்களே எழுதிக் குடுங்க மேடம், உங்களுக்குத்தான் எழுதற வேலையாச்சே" என்றார்.

ஜூலை 26, சனி: நீலாங்கரை

விடுமுறை நாள், வேலையில்லை. ஆனாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தங்கையுடன் போனேன். பெரிய தோட்டம் வைத்த கஃபேக்கள், சரளைக்கல் தரை, வாசலில் கார்கள் இரண்டு வரிசை. உள்ளே நுழைய முக்கால் மணி காத்திருப்பு. குளிர்ந்த காபி 280, சாண்ட்விச் 340. சாண்ட்விச்சின் ரொட்டி நன்றாக இருந்தது, உள்ளே வைத்தது சுமார். உப்புக்காற்றும் புழுக்கமும் சேர்ந்து தோட்டத்தில் உட்காரவிடவில்லை. கல்லாவின்மேல், "சனி, ஞாயிறு மடிக்கணினிக்கு அனுமதி இல்லை" என்று பலகை இருந்தது. தங்கைக்கு அது கடுமையாகத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாரம் ஒருநாள் பிள்ளைகளோடு வெளியே வருகிறவர்களுக்கு மேசை கிடைக்கவேண்டும், அதை எழுதி வைப்பதில் தவறென்ன?

வீட்டுக்கு வந்ததும் சிட்லபாக்கத்துக்காகப் பலகை வாசகத்தை எழுதி அனுப்பினேன்: "திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 11 முதல் மாலை 4 வரை: வேலை செய்வோருக்கு மேசை, வைஃபை, ஒரு காபி, ஒரு சிற்றுண்டி, 250 ரூபாய். பேசுவதற்குப் பின்னறை உண்டு. 4 மணிக்குமேல் மேசை மற்றவர்களுக்கு."

இரவு ஒன்பதரைக்கு, கடையில் கூட்டம் நெரிந்திருக்கும் நேரத்தில், அவரிடமிருந்து குரல்செய்தி வந்தது. 250 அதிகம், 200 போதும். பின்னறையில் ஒரு சின்ன மேசையும் விசிறியும் போட்டுவிட்டுத்தான் பலகையை மாட்டுவார். ஆடி முடியும்வரை வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி வரை பாட்டு இருக்கும் என்பதையும் மறக்காமல் சேர்க்கவேண்டும். மூன்றையும் சேர்த்துத் திருத்தி அனுப்பிவிட்டு, திங்கட்கிழமைக்குச் சன்னலோர மேசையைச் சொல்லிவைத்தேன்.